பாலைவன மணலில் ஓர் அளவுகோல்: செயற்கைக்கோள் அளவீடுகளை ஒப்பிடும் முறை

வறட்சி நிலவரம், பயிர்ப் பரப்பு, நிலச் சீரழிவு, நீர்நிலைகளின் விரிவு ஆகியவை பற்றிய அரசு அறிக்கைகளில் செயற்கைக்கோள் தந்த எண்கள் இடம்பெறுவது இன்று வழக்கமாகிவிட்டது. ஒரு வட்டத்தில் பயிர்ப் பசுமை கடந்த ஆண்டுகளின் சராசரியைக் காட்டிலும் குறைந்துள்ளது என்று ஓர் அறிக்கை கூறுமானால், வறட்சி நிவாரணம் பற்றிய முடிவுக்கு அதுவும் ஓர் ஆதாரமாகிறது. அந்த எண்ணின் பின்னே உழவர்களின் ஒரு பருவ வருமானமும், அரசின் நிதி ஒதுக்கீடும் நிற்கின்றன.

ஆனால், பத்தாண்டுகளுக்கு முன் அந்த நிலத்தை அளந்த கருவியும் இன்று அளக்கும் கருவியும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஒரே கருவியாக இருந்தாலும், விண்வெளியில் பத்தாண்டுகள் இயங்கிய பிறகு அது பழைய நிலையில் இருப்பதில்லை. அவ்வாறாயின், குறைந்தது பயிரின் பசுமையா, கருவியின் கூர்மையா? இக்கேள்விக்கு விடை காணும் பொருட்டு உலக நாடுகளின் விண்வெளி நிறுவனங்கள் மனித நடமாட்டமே இல்லாத பாலைவனங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றைத் தங்கள் கருவிகளுக்குப் பொது அளவுகோலாகக் கொண்டுள்ளன. அம்முறையின் அடிப்படையையும் பயனையும் வரம்புகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

விலைக் குறியீட்டெண் காட்டும் வழி

பொருளாதாரம் பயில்வோர்க்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படை ஆண்டு 1960-இலிருந்து 1982-க்கும், பின்னர் 2001-க்கும், அதன்பின் 2016-க்கும் மாற்றப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பொருள்களின் பட்டியலும் அவற்றுக்குரிய எடைகளும் மாறின. எனினும் பழைய வரிசையைக் கைவிட்டுவிட முடியாது. அகவிலைப்படியும் ஊதிய ஒப்பந்தங்களும் அதைச் சார்ந்திருந்தன. எனவே இரு வரிசைகளையும் இணைக்க ஓர் இணைப்புக் காரணி வகுக்கப்பட்டது. 1960 வரிசையை 1982 வரிசையுடன் இணைக்க 4.93, அடுத்த மாற்றத்துக்கு 4.63, அதற்கடுத்த மாற்றத்துக்கு 2.88 என்பன அக்காரணிகள். 2016 அடிப்படையில் குறியீட்டெண் 120 என்றால், 2001 அடிப்படையில் அது 120-ஐ 2.88-ஆல் பெருக்கி வரும் 345.6 ஆகும். இந்தக் காரணியைப் பொருட்படுத்தாமல் 345-க்குப் பக்கத்தில் 120-ஐ எழுதி, விலைவாசி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்று யாரும் கூறமாட்டார்கள்.

செயற்கைக்கோள் அளவீடுகளுக்கும் இத்தகைய இணைப்புக் காரணி தேவை. இங்கே வேறுபாடு மூன்று மடங்காக இருப்பதில்லை; மூன்று சதவீதமாகவோ ஐந்து சதவீதமாகவோ இருக்கும். ஆகவே அது கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத பிழையே அறிக்கைகளில் எளிதில் புகுந்துகொள்கிறது.

கருவி எதை அளக்கிறது?

புவிநோக்குச் செயற்கைக்கோளில் உள்ள உணர்கருவி, கதிரவனிடமிருந்து வந்து நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை நீலம், பச்சை, சிவப்பு, அண்மை அகச்சிவப்பு எனப் பல பட்டைகளாகப் பிரித்து அளக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் விழும் ஒளி மின்னோட்டமாக மாறி, ஓர் எண்ணாகப் பதிவாகிறது. இந்த எண் தனக்கெனப் பொருள் உடையதன்று. அதனை ஒளியின் அளவாக மாற்றும் கெழுவைத் தீர்மானிப்பதே அளவுத்திருத்தம் எனப்படும். தராசின் முள் எங்கே நின்றால் ஒரு கிலோ என்று குறிப்பதைப் போன்றது இது.

ஒளியின் அளவு தெரிந்தபின், அது கதிரவன் அனுப்பிய ஒளியில் எத்தனை பங்கு என்று கணக்கிட வேண்டும். இதுவே எதிரொளிப்பு விகிதம். கதிரவன் உச்சியில் இருக்கும்போதும் சாய்ந்திருக்கும்போதும் நிலத்தில் விழும் ஒளி வேறுபடும். புவி கதிரவனுக்கு அருகில் வரும் சனவரித் தொடக்கத்தில், தொலைவில் இருக்கும் சூலைத் தொடக்கத்தைக் காட்டிலும், ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஒளி புவியை அடைகிறது. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்ட பின்னரே ஒரு நாளின் அளவை மற்றொரு நாளின் அளவோடு ஒப்பிட முடியும்.

கருவி ஏன் மாறுகிறது?

ஏவுவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் ஆய்வுக்கூடத்தில் தரமறிந்த விளக்கொளியைக் கொண்டு திருத்தப்படுகிறது. ஆனால் ஏவுகலத்தின் அதிர்வு, விண்வெளியின் வெற்றிடம், புற ஊதாக் கதிர்கள், கருவியின் பாகங்களிலிருந்தே வெளிப்பட்டு ஆடிகளில் படியும் ஆவிகள் ஆகியவற்றால் அதன் ஒளியுணர்வு சிறிது சிறிதாக மாறுகிறது. பொதுவாக நீலப் பட்டை அதிகமாகவும், அகச்சிவப்புப் பட்டை குறைவாகவும் பாதிக்கப்படுகின்றன.

கடைத்தெருவின் எடைக்கல்லில் ஐயம் எழுந்தால், அதனை எடையளவு ஆய்வாளரிடம் கொண்டு செல்லலாம். அவருடைய கல்லின் தரம் படிப்படியாக மேலேறி, புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் வரை செல்கிறது. 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கருவியை அவ்வாறு கீழே கொண்டுவர இயலாது. இதற்காகச் சில செயற்கைக்கோள்களில் சிறு விளக்குகளும், கதிரொளியைப் பரப்பிக் காட்டும் வெண்பலகைகளும் பொருத்தப்படுகின்றன. சில கருவிகள் நிலவை நோக்கித் திரும்பி அதன் ஒளியை அளக்கின்றன. ஆனால் விளக்கும் மங்கும். வெண்பலகையும் நாளடைவில் பழுப்பேறும். சில கருவிகளில் இத்தகைய ஏற்பாடே இருந்ததில்லை. 1980-களிலும் 1990-களிலும் உலகின் தாவர நிலையைக் கண்காணிக்கப் பெரிதும் பயன்பட்ட நோவா வரிசைச் செயற்கைக்கோள்களின் ஒளிப்பட்டைகளுக்கு உள்திருத்தக் கருவி கிடையாது. லிபியப் பாலைவனத்தை ஆண்டுதோறும் அளந்த எண்களைக் கொண்டே அவற்றின் ஒளியுணர்வு எந்த வேகத்தில் குறைந்து வந்தது என்பது கணிக்கப்பட்டது.

பாலைவனம் ஏன்?

நல்ல அளவுகோலுக்கு வேண்டிய முதல் இயல்பு மாறாமை. வயல் பருவந்தோறும் மாறுகிறது, காடு இலையுதிர்க்கிறது, நகரம் வளர்கிறது, கடல் கருமையாக இருப்பதால் அங்கிருந்து வரும் ஒளி குறைவு. மழையே அரிதான மணற்பரப்பில் செடி முளைப்பதில்லை, உழவு இல்லை, வீடு இல்லை. மேகம் குறைவாதலால் ஆண்டில் பல நாள்கள் தெளிவான காட்சி கிடைக்கும். காற்றில் ஈரம் குறைவு. மணல் ஒளியை நன்கு திருப்பியனுப்புவதால் அளவீட்டில் இரைச்சலின் பங்கு குறைகிறது. பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே தன்மை நிலவுவதால், இரு கருவிகள் நோக்கும் இடத்தில் சில நூறு மீட்டர் வேறுபாடு இருந்தாலும் சராசரி மாறுவதில்லை.

இந்த இயல்புகளைக் கொண்டு 1996-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று, வட ஆப்பிரிக்காவிலும் சவூதி அரேபியாவிலும் ஒவ்வொன்றும் நூறு கிலோமீட்டர் பக்கமுள்ள 20 பாலைவனப் பரப்புகளைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது. அவற்றுள் லிபியாவில் இரண்டு, அல்ஜீரியாவில் இரண்டு, மௌரித்தானியாவில் இரண்டு என ஆறு இடங்களைப் புவிநோக்குச் செயற்கைக்கோள்களுக்கான பன்னாட்டுக் குழு பொதுத் தரநிலங்களாக ஏற்றுள்ளது. 1984-இல் அமைக்கப்பட்ட இக்குழுவில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் இடம்பெற்றுள்ளது. ஆறனுள் மிகுதியாகப் பயன்படுவது ‘லிபியா-4’ எனப்படும் இடம். லிபியாவின் கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 28.5 பாகை வடக்கு, 23.4 பாகை கிழக்கில் பரந்துள்ள மணற்குன்றுப் பரப்பு அது. அங்கே சிவப்பு ஒளியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கும், நீல ஒளியில் கால் பங்கு அளவும் விண்ணுக்குத் திரும்புகின்றன. இந்த விகிதம் ஆண்டுகள் பல கடந்தும் ஒரு சில சதவீதத்துக்கு மேல் மாறுவதில்லை.

இதிலிருந்து ஒரு முக்கியப் பயன் விளைகிறது. விலைக் குறியீட்டெண்ணில் இணைப்புக் காரணியைக் காண, பழைய வரிசையும் புதிய வரிசையும் ஒருசேரக் கணக்கிடப்பட்ட காலம் ஒன்று வேண்டும். செயற்கைக்கோள்களில் அவ்வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. ஐரோப்பாவின் என்விசாட் 2012 ஏப்ரலில் செயலிழந்தது. அதன் பணியைத் தொடர வேண்டிய சென்டினல்-3 வரிசையின் முதற்கோள் 2016 பிப்ரவரியில்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட நான்காண்டுகளில் இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. ஆயினும் இரண்டும் ஒரே மணலை அளந்துள்ளன. மணல் மாறவில்லை என்ற துணிவில் அவ்விரு வரிசைகளையும் இணைக்க முடிகிறது.

ஒப்பிடும் முறை

இரு கருவிகளை ஒப்பிடும் பணி பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

முதலாவதாக, இரு செயற்கைக்கோள்களும் ஒரே நாளில், இயன்றவரை ஒரே நேரத்தில், தரநிலத்தைக் கடந்த நாள்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மேகமோ தூசிப் புயலோ இருந்த நாள்கள் விலக்கப்படுகின்றன. இரண்டாவதாக, இரண்டின் படங்களிலும் ஒரே பரப்பு, எடுத்துக்காட்டாக 20 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம், வரையறுக்கப்பட்டு அதன் சராசரி எண் கணக்கிடப்படுகிறது. மூன்றாவதாக, ஒவ்வொரு கருவிக்கும் உரிய கெழுவைக் கொண்டு அவ்வெண் எதிரொளிப்பு விகிதமாக மாற்றப்படுகிறது. நான்காவதாக, கதிரவனின் கோணம், கருவி நோக்கும் கோணம் ஆகியவற்றால் ஏற்படும் வேறுபாடு நீக்கப்படுகிறது. மணற்குன்று எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் ஒளியைத் திருப்புவதில்லை. குன்றின் நிழலும் கணக்கில் வரும். ஐந்தாவதாக, இரு கருவிகளின் ஒளிப்பட்டைகள் ஒரே அகலமும் ஒரே இடமும் உடையவையா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி சற்று விளக்கம் வேண்டுவது. அண்மை அகச்சிவப்பு என்று எல்லாக் கருவிகளிலும் ஒரே பெயரில் வழங்கினாலும், இந்தியாவின் ரிசோர்சசாட் கருவிகளில் அப்பட்டை 770 முதல் 860 நானோமீட்டர் வரையுள்ளது. அமெரிக்காவின் லாண்ட்சாட்-8 கருவியில் 850 முதல் 880 வரை மட்டுமே உள்ளது. 820 நானோமீட்டரை ஒட்டிக் காற்றிலுள்ள நீராவி ஒளியை உறிஞ்சுகிறது. அகன்ற பட்டையில் அந்த இழப்பும் சேர்ந்து அளக்கப்படும். குறுகிய பட்டையில் அது தவிர்க்கப்படுகிறது. ஆகவே இரு கருவிகளும் பழுதின்றி இருந்தாலும் ஒரே மணலுக்கு வெவ்வேறு எண்களைத் தரும். இந்த வேறுபாட்டைக் கண்டறிய, ஒளியை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கும் கருவிகள் உதவுகின்றன. 2000-இல் ஏவப்பட்டு 2017 வரை இயங்கிய அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றில் இருந்த ஹைபீரியன் என்னும் கருவி இப்பாலைவனங்களின் நுண்ணிய ஒளி விவரத்தைத் தொகுத்துத் தந்துள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். ஒரு தரநிலத்தில் சிவப்புப் பட்டையில் முதற்கருவி 0.460 என்றும், இரண்டாம் கருவி 0.445 என்றும் அளக்கின்றன. இவற்றின் விகிதம் 1.034. பட்டைகளின் வேறுபாட்டால் மட்டும் இவ்விகிதம் 1.020 ஆக இருக்க வேண்டும் என்று கணக்கு காட்டுகிறது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 1.013. ஆகவே கருவிகளின் உண்மையான வேறுபாடு 3.4 சதவீதமன்று, 1.3 சதவீதமே. பட்டை வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல் ‘திருத்தம்’ செய்திருந்தால், நல்ல கருவி ஒன்றைக் கெடுத்ததாக முடிந்திருக்கும்.

இறுதியாக, ஒரு நாளின் விகிதத்தை நம்பி முடிவு செய்வதில்லை. பல தரநிலங்களில், பல ஆண்டுகளில் கிடைத்த விகிதங்களை வரைபடமாக்கி, அவை காலப்போக்கில் சாய்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒரே இடத்தில் மட்டும் மாற்றம் தெரிந்தால் ஐயம் அந்த இடத்தின் மீது. எல்லா இடங்களிலும் ஒரே மாற்றம் தெரிந்தால் ஐயம் கருவியின் மீது. 1984-இல் ஏவப்பட்டு ஏறத்தாழ 29 ஆண்டுகள் இயங்கிய லாண்ட்சாட்-5 கருவியின் கெழுக்கள், வட ஆப்பிரிக்கப் பாலைவன அளவீடுகளின் துணையுடன் 2007-இல் திருத்தியமைக்கப்பட்டன.

சிறிய வேறுபாடு, பெரிய விளைவு

ஓரிரு சதவீத வேறுபாட்டுக்கு இத்தனை உழைப்பு தேவையா என்று கேட்கத் தோன்றலாம். வறட்சி மதிப்பீட்டில் பயன்படும் பசுமைக் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். செழிப்பான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டை இவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதே இக்குறியீடு. ஒரு வயலில் அகச்சிவப்பு 0.30, சிவப்பு 0.10 என்றால் குறியீடு 0.20-ஐ 0.40-ஆல் வகுக்க வரும் 0.50.

இப்போது வேறொரு கருவி அதே வயலை அதே நாளில் அளப்பதாகக் கொள்வோம். அது சிவப்பை 5 சதவீதம் கூட்டியும், அகச்சிவப்பை 5 சதவீதம் குறைத்தும் காட்டுகிறது. அளவுகள் 0.105, 0.285 ஆகின்றன. குறியீடு 0.180-ஐ 0.390-ஆல் வகுக்க வரும் 0.46. வயலில் ஓர் இலையும் வாடவில்லை. ஆனால் குறியீடு 0.04 குறைந்துவிட்டது.

அடுத்த படியில் இவ்வேறுபாடு பெருகுகிறது. வறட்சிக் கண்காணிப்பில் இவ்வாண்டின் குறியீடு, அதே பகுதியில் கடந்த ஆண்டுகளில் காணப்பட்ட மிகக் குறைந்த அளவுக்கும் மிக உயர்ந்த அளவுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்று சதவீதத்தில் கணக்கிடுவதுண்டு. குறைந்த அளவு 0.30, உயர்ந்த அளவு 0.60 என்று கொண்டால், 0.50 என்பது 67 சதவீதமாகிறது, 0.46 என்பது 54 சதவீதமாகிறது. நல்ல நிலைக்கு 60 சதவீதம் எல்லை என்று வகுத்திருந்தால், முதற்கருவியின்படி பயிர் நல்ல நிலையில் உள்ளது. இரண்டாம் கருவியின்படி அவ்வாறில்லை. இதற்கு மாறான திசையில் பிழை நேருமாயின், உண்மையிலேயே வாடிய பயிர் நல்ல பயிராகக் கணக்கில் ஏறி, உரியவர்க்கு நிவாரணம் கிட்டாமற் போகவும் கூடும். கடந்த ஆண்டுகளின் அளவுகள் ஒரு கருவியிலிருந்தும், இவ்வாண்டின் அளவு மற்றொரு கருவியிலிருந்தும் வந்திருக்கும்போது இந்த ஆபத்து நேர்கிறது.

உலகம் பசுமையடைந்ததா, வாடியதா?

இது வெறும் கணக்கன்று என்பதற்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளில் மோடிஸ் என்னும் உணர்கருவி உள்ளது. அதே வகைக் கருவி 2002 மே மாதத்தில் அக்குவா என்னும் மற்றொரு கோளில் ஏவப்பட்டது. உலகின் தாவர நிலை பற்றிய ஆய்வுகள் பல இவ்விரு கருவிகளைச் சார்ந்தவை. டெர்ரா கருவியின் ஐந்தாம் தொகுப்பு வரிசையில் பல பகுதிகளில் பசுமை குறைந்துவருவதாகத் தெரிந்தது. அக்குவா கருவியோ அத்தகைய குறைவைக் காட்டவில்லை. 2012-இல் வெளியான ஆய்வொன்று, அக்குறைவின் ஒரு பங்கு டெர்ரா கருவியின் தேய்மானத்தால் விளைந்த பொய்த்தோற்றம் என்று எடுத்துக்காட்டியது.

கருவியினுள் உள்திருத்த ஏற்பாடுகள் இருந்தும் இது ஏன் நேர்ந்தது? மோடிஸ் கருவியில் சுழலும் ஆடி ஒன்று பக்கத்துக்குப் பக்கம் நிலத்தை வருடுகிறது. வெண்பலகையையும் நிலவையும் அந்த ஆடி குறிப்பிட்ட ஒவ்வொரு கோணத்தில் மட்டுமே காண்கிறது. ஆடியின் தேய்மானமோ கோணத்துக்குக் கோணம் வேறுபட்டிருந்தது. பாலைவனத்தை மட்டும் அது வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு கோணங்களிலெல்லாம் கண்டிருந்தது. ஆகவே பாலைவன அளவீடுகளைக் கொண்டு கோணவாரியான தேய்மானம் கணக்கிடப்பட்டு, ஆறாம் தொகுப்பில் பழைய ஆண்டுகளின் எண்கள் அனைத்தும் திருத்தி வெளியிடப்பட்டன.

இந்த ஆறாம் தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வொன்று, 2000-க்கும் 2017-க்கும் இடையே உலகின் இலைப்பரப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடியுள்ளதென்றும், அதில் சீனாவும் இந்தியாவும் முன்னிற்கின்றன என்றும் கூறிற்று. இந்தியாவின் பசுமைப் பெருக்கத்தில் 82 சதவீதம் விளைநிலங்களிலிருந்து வந்ததென்றும், காடுகளின் பங்கு 4.4 சதவீதமே என்றும் அது கண்டது. பாசனமும் பல போகச் சாகுபடியும் ஒருபுறம், காடு வளர்ப்பில் எஞ்சியுள்ள பணி மறுபுறம் எனத் திட்டமிடுவோர்க்கு இம்முடிவு பல செய்திகளைத் தருகிறது. பழைய தொகுப்பின் பொய்த்தோற்றம் களையப்படாமல் இருந்திருந்தால் இத்தகைய ஆய்வுக்கு உறுதியான அடித்தளம் அமைந்திராது.

இந்தியாவின் நிலை

இந்தியாவின் முதல் செயல்முறைத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17 அன்று விண்ணில் ஏவப்பட்டது. அதைத் தொடர்ந்து 1991-இல் 1பி, 1995-இல் 1சி, 1997-இல் 1டி, 2003-இல் ரிசோர்சசாட்-1, 2011-இல் ரிசோர்சசாட்-2, 2016-இல் ரிசோர்சசாட்-2ஏ ஆகியவை ஏவப்பட்டன. நம் நிலவளத்தைப் பற்றி மூன்று பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடரும் ஒரு வரலாற்றுப் பதிவு இது. 740 கிலோமீட்டர் அகலத்தை ஒரே கடப்பில் காணும் ரிசோர்சசாட்-1 கருவியின் படங்களை அமெரிக்க வேளாண் துறையும் 2006 முதல் சில ஆண்டுகள் தன் பயிர் வரைபடப் பணிக்குப் பயன்படுத்தியது. ஒரு நாட்டின் கருவி மற்றொரு நாட்டின் புள்ளிவிவரத்தில் இடம்பெற வேண்டுமானால், இரு நாடுகளின் கருவிகளும் ஒரே அளவுகோலில் ஒப்பிடப்பட்டிருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் தரநிலங்கள் உள்ளன. கட்ச் பெருவளைகுடாவுக்கு வடக்கேயுள்ள ரான் உப்பு வெளியிலும், ஜெய்சால்மரை ஒட்டிய தார் பாலைவனத்திலும் அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் விஞ்ஞானிகள் அளவீடுகளை மேற்கொண்டு வந்துள்ளனர். செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் வேளையில் நிலத்தின் எதிரொளிப்பையும் காற்றிலுள்ள தூசியின் அளவையும் கையடக்கக் கருவிகளால் அளந்து, விண்ணில் பதிவாக வேண்டிய ஒளியைக் கணக்கிட்டு, கருவி சொன்ன எண்ணோடு ஒப்பிடுவது இம்முறை. ஆளற்ற சகாரா முறைக்கு இது துணையாகிறது. ஆனால் ரான் வெளியில் பருவமழைக் காலத்தில் நீர் தேங்குகிறது. உப்புப் படலம் காய்ந்து வெளுத்த பிறகே அளவீட்டுக்குத் தகுதி பெறுகிறது. தார் பாலைவனத்தில் கோடையில் தூசி மிகுதி. மழைக்காலத்தில் புல் முளைக்கிறது. எனவே நம் தரநிலங்கள் ஆண்டின் சில மாதங்களுக்கே உரியவை.

நாம் அளக்க விரும்பும் மாற்றங்கள் எவ்வளவு சிறியவை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்டுள்ள நிலச் சீரழிவு வரைபடத் தொகுப்பின்படி, சீரழிவுக்கு உட்பட்ட பரப்பு 2011-13-இல் 9.64 கோடி ஹெக்டேர், 2018-19-இல் 9.785 கோடி ஹெக்டேர். உயர்வு 14.5 லட்சம் ஹெக்டேர். நிலத்தின் கணக்கில் இது பெரிது. சதவீதக் கணக்கில் 1.5 மட்டுமே. இத்தொகுப்பு வல்லுநர்கள் படங்களைக் கண்ணால் ஆய்ந்தும், களத்தில் சரிபார்த்தும் வரைந்தது. ஆகவே கருவிப் பிழை இதில் நேரடியாக ஏறுவதில்லை. ஆனால் இத்தகைய கணக்கெடுப்பைக் கணிப்பொறியே எண்களைக் கொண்டு செய்யும் முறைக்கு நாம் மாறும்போது, ஒன்றரைச் சதவீத மாற்றத்தை அளக்கப் புகும் கருவியில் மூன்று சதவீதப் பிழை இருத்தலாகாது.

முறையின் வரம்புகள்

பாலைவனமும் முழுக் குறையற்ற அளவுகோலன்று. முதலாவதாக, தூசிக் காற்றும் காற்றின் ஈரமும் பருவத்துக்கேற்ப மாறுகின்றன. இரண்டாவதாக, மணல் மாறாமல் இருக்கிறது என்பது இரு கருவிகளின் வேறுபாட்டை அறிய உதவுமேயன்றி, இரண்டில் எது உண்மைக்கு நெருக்கமானது என்பதைத் தானாகச் சொல்லாது. அதற்கு நிலத்தில் நின்று அளக்கும் இடங்கள் வேண்டும். அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள வறண்ட ஏரிப்படுகை, நமீபியாவின் கோபாபெப், பிரான்சின் லா குரோ, சீனாவின் பாவ்தோ ஆகிய இடங்களில் தானியங்கிக் கருவிகளைக் கொண்ட பன்னாட்டு வலையமைப்பு ஒன்று இதற்கென இயங்கி வருகிறது. மூன்றாவதாக, ஒளிமிக்க மணலில் சரியாக அளக்கும் கருவி, ஒளிகுறைந்த காட்டிலும் நீரிலும் அதே துல்லியத்துடன் அளக்கும் என்று கொள்ள முடியாது. நீர்நிலை ஆய்வுக்கு வேறு தரநிலங்கள் தேவைப்படுகின்றன.

பயன்படுத்துவோர் கருத வேண்டியவை

செயற்கைக்கோள் புள்ளிவிவரத்தைக் கையாளும் அலுவலர்கள் ஒளியியல் வல்லுநர்களாக இருக்கத் தேவையில்லை. ஆனால் பல ஆண்டுகளை ஒப்பிடும் அட்டவணை தம் முன் வைக்கப்படும்போது நான்கு வினாக்களை எழுப்புவது அவர்கள் கடமையாகும்.

ஒன்று: இவ்வரிசையில் எத்தனை கருவிகள் இடம்பெற்றுள்ளன, எந்த ஆண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியது? திடீர் ஏற்றமோ இறக்கமோ அதே ஆண்டில் தென்பட்டால் எச்சரிக்கை தேவை.

இரண்டு: கருவிகளை இணைக்கும் காரணி எது, அது எந்தத் தரநிலத்தில், எந்தக் காலத்தில் கண்டறியப்பட்டது? பட்டை வேறுபாடு அதில் அடங்கியுள்ளதா?

மூன்று: கெழுக்கள் திருத்தப்பட்டபோது, பழைய ஆண்டுகளின் எண்களும் மீண்டும் கணக்கிடப்பட்டனவா? புதிய ஆண்டுகள் மட்டும் புதிய கெழுவில் இருந்தால் வரிசை இரண்டாக உடைந்துவிடும்.

நான்கு: காட்டப்படும் மாற்றம் அளவீட்டின் ஐயப்பாட்டை விடப் பெரியதா? இரு கருவிகளில் ஒவ்வொன்றுக்கும் 3 சதவீத ஐயப்பாடு உண்டென்றும், அவை ஒன்றையொன்று சாராதவை என்றும் கொண்டால், ஒப்பீட்டின் ஐயப்பாடு இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலமாகிய 4.2 சதவீதம். அவ்வாறாயின் 3 சதவீத மாற்றத்தைக் கொண்டு எதையும் உறுதியாகக் கூறலாகாது. பொதுத் தரநிலத்தில் ஒப்பிட்டு இணைப்பதால் இந்த ஐயப்பாடு குறைகிறது. அந்த ஒப்பீட்டின் பயன் இதுவே.

மாணவர்கள் இதிலிருந்து பெறத்தக்கது மற்றொன்றுண்டு. விலையாயினும் விளைச்சலாயினும் பசுமையாயினும், கால ஒப்பீடு என்பது அளவுகோலின் தொடர்ச்சியைச் சார்ந்தது. வறட்சிக் குறிப்பிலும் பயிர் அறிக்கையிலும் மாற்றத்தின் அளவோடு, அதனை அளந்த கருவிகள் எவ்வாறு இணைக்கப்பட்டன என்ற ஒரு வரியும் தவறாமல் இடம்பெறுமாயின், அவ்வறிக்கையைக் கொண்டு முடிவெடுப்போரும், அம்முடிவினால் பயனோ இழப்போ அடையும் உழவரும் அதனை நம்புவதற்கு உரிய ஆதாரம் கிடைக்கும்.